தளபதி மன்னிப்புக் கேட்ட அத்தியாயம்

எனக்குப் பிடித்த கதாநாயகன் ஒரு மோசமான மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம். எட்டுப் பாகம் ஓடும் சரித்திரத் தொடர் அது. அதில் அவன் ஒரு சிற்றரசனின் யானைப்படைத் தளபதி. சூதாட்டத்தில் ஏமாற்றுவான். உயிரைக் காப்பாற்றிய நண்பனையே காட்டிக்கொடுப்பான். கட்டிய மனைவியைக் கைப்பிள்ளையோடு ஒரு கடற்கரை ஊரில் விட்டுவிட்டு, வேறொரு நாட்டில் வேறொருத்தியோடு நான்கு வருஷம் குடும்பம் நடத்துவான். அப்படிப்பட்டவன் இன்று என் வீட்டுக் கதவைத் தட்டினால் விளக்குமாற்றைத்தான் எடுப்பேன். ஆனாலும் அந்த எட்டுப் பாகத்தையும் இதுவரை ஏழு தடவை படித்திருக்கிறேன்.

என் மகளுக்கு இது தாங்காது. கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். லீவுக்கு டுரியான் துங்காலில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோபாவில் என் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மா, இவன் டாக்சிக்லா. எப்படிமா இவன சப்போர்ட் பண்றீங்க?" என்பாள்.

"சப்போர்ட் பண்ணலடி. படிக்கிறேன்."

"சேம் லா."

சேம் இல்லை. ஆனால் அதை அவளுக்கு விளக்க எனக்கு வாய் போதாது. பொய் சொல்லும்போது அவனுக்குக் காது மடல் சிவந்துவிடும் என்று ஆசிரியர் எழுதியிருப்பார். அந்தக் காதுக்காகவே நான் பாதி மன்னித்துவிடுவேன். போர் முடிந்த மறுநாள் காலையில் காயம்பட்ட யானையின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். நல்லவனாக ஒருவனை எழுதி, அவன் ஈ ஓட்டினால் நமக்கு ஒன்றும் தோன்றாது. இவன் ஓட்டும்போது, சே, இவ்வளவு தெரிந்தவன் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று வயிறு எரியும். அந்த எரிச்சலோடுதான் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். காலையில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். நாள் முழுக்க ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கும் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அதற்காக யாரையும் ரோட்டில் இறக்கிவிட்டதும் இல்லை.

இதெல்லாம் வெளியில் சொல்லும் காரணம். உள்ளே இருப்பது வேறு. அந்தத் தொடரை நான் முதன்முதலில் படித்தது எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பத்து வயதில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போனவள், அப்படியே பாலுக்காகப் பட்டை சீவி மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவாள். ஆனால் கதை என்றால் பைத்தியம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை டிரெசர் என்போம். அவருடைய மனைவியிடம் இந்தத் தொடர் முழுக்க இருந்தது. கடையில் வாங்கியது இல்லை. இந்தியாவிலிருந்து வரும் வார இதழில் தொடர் வந்தபோது, வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பழைய காலண்டர் அட்டை வைத்து, சணல் கயிற்றால் தைத்து அவரே எட்டுப் பாகமாக்கி வைத்திருந்தார். புத்தகம் கேட்டுப் போனால் முதலில், "கையக் காட்டு" என்பார். கை சுத்தமாக இருந்தால்தான் ஒரு பாகம் கிடைக்கும். வீட்டில் இயேசு படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் அவை வரிசையாக நிற்கும்.

அந்த இதழ் சில வாரம் வந்து சேராது. வராத வாரத்துக்கு அவர் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, "இந்த வாரம் கிடைக்கவில்லை" என்று உருண்டையான கையெழுத்தில் எழுதித் தைத்திருப்பார். நேர்மையான பெண்மணி.

அம்மா ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, மத்தியானச் சாப்பாடு முடித்து, நெத்திலி கிள்ள உட்காருவாள். நான் எதிரே உட்கார்ந்து படிப்பேன். முதல் முறை அந்த வெள்ளைத் தாள் வந்ததும் உள்ளபடி சொன்னேன். அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"கெடைக்கலன்னா? அந்த வாரம் பூரா நம்ம ஆளு என்ன பண்ணான்?"

எங்கள் வீட்டில் அவனுக்கு 'நம்ம ஆளு' என்றுதான் பெயர். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வெள்ளைத் தாளைப் பார்த்தபடியே ஒரு புலியைக் கொண்டுவந்தேன். நம்ம ஆள் அம்மிக் குழவியால் அந்தப் புலியை மண்டையில் அடித்துக் கொன்றான். காட்டில் குழவி எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கவில்லை. "அப்படிப் போடு" என்றாள். அன்றிலிருந்து வெள்ளைத் தாளைப் படிப்பது எனக்குக் கைவந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அப்பா எங்களோடு இல்லை. காடு வெட்டும் கான்ட்ராக்டில் ஜொகூர் பக்கம் போனவர், சிகாமட்டில் ஒரு பெண்ணோடு இருக்கிறார் என்று செய்தி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அழுது நான் பார்த்ததில்லை. யாராவது பேச்செடுத்தால், "செத்துட்டாருன்னு நெனச்சிக்கிட்டேன்" என்று முடித்துவிடுவாள். பிறகு மாமா ஒருநாள் வந்து, அந்தப் பெண்ணோடு ஒத்துப்போகவில்லை, அத்தான் திரும்பி வரப் பார்க்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரட்டும். வாசலோட அனுப்பிடுறேன்" என்றாள்.

எனக்கு அப்பா வேண்டும். நியாயம் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியாது, அப்பா வேண்டும், அவ்வளவுதான். சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து டவுனுக்குக் கூட்டிப்போய் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுப்பார். வகுப்பில் பிள்ளைகள் "ஒங்கப்பா எங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அது நிற்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் பார்த்து ஐந்தாம் பாகத்தில் நம்ம ஆள் நான்கு வருஷம் கழித்து மனைவியிடம் திரும்பி வருகிறான். இந்த முறை வெள்ளைத் தாள் இல்லை. அச்சடித்த பக்கம், முழுசாக இருந்தது. முதல்நாளே நான் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டேன். குதிரையைக் கட்டுகிறான். வீட்டுக்குள் போகிறான். "தண்ணீர் இருக்கிறதா?" என்கிறான். அவள் கொண்டுவந்து தருகிறாள். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் அரசவை கூடிவிடுகிறது, யுத்தம் வந்துவிடுகிறது. விட்டுப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எட்டாம் பாகம் வரைக்கும் கிடையாது.

இதை அப்படியே படித்தால் அம்மா அப்பாவை நிச்சயம் வாசலோடு அனுப்பிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அதனால் மறுநாள் புத்தகத்தை விரித்து, அச்சடித்த வரிகளைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். நம்ம ஆள் வாசற்படியில் நின்றான். வாளைக் கழற்றிக் கீழே வைத்தான். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். யானை, பாகன் என்று என்னவோ பெரிய வசனமெல்லாம் வைத்தேன். அவள் அழுதுவிட்டு அவனை உள்ளே வரச் சொன்னாள். படித்து முடித்து நிமிர்ந்தால் அம்மாவின் கன்னமெல்லாம் ஈரம். "இன்னொருக்கா படி" என்றாள். நானும் படித்தேன். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். வசனம் மாறிப்போய் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கணக்கு நோட்டின் கடைசித் தாளில் அதை எழுதிவைத்துக்கொண்டேன். அத்தனை கெட்டிக்காரத்தனம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். அம்மா கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அப்பா, "பிள்ள எங்க?" என்றார். அம்மா கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவும் மந்திரியும் செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன் என்று வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்க ஓடினேன்.

அப்பா அதற்கப்புறம் எங்கும் போகவில்லை. ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார், குடி கிடையாது, என் கல்யாணத்தை நல்லபடியாக முடித்துவைத்தார். அம்மாவும் அவருக்கு ஒருவேளைகூடச் சாப்பாடு போடாமல் இருந்ததில்லை. ஆனால் அவரிடம் நேராகப் பேசமாட்டாள். "ஒங்கப்பாவ சாப்பிடச் சொல்லு" என்பாள். அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "அப்பா, சாப்பிடுங்க" என்பேன். அவரும் எழுந்து வருவார். எனக்குக் கல்யாணம் ஆகி டுரியான் துங்கால் வந்த பிறகு போனில் கூப்பிட்டு, "பல்பு போச்சு, ஒங்கப்பாவ மாத்தச் சொல்லு" என்பாள். நான் அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி விஷயத்தைச் சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடிகூட இருக்காது. இப்படியே முப்பத்துநான்கு வருஷம் ஓடியது. அம்மா பிடிவாதக்காரி, அவள் சுபாவமே அப்படி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, அம்மா என்னிடம் வந்துவிட்டாள்.

இனி நடந்ததற்குக் காரணம் என் மகள். பாட்டிக்குப் பொழுதுபோகட்டும் என்று ஒரு பழைய ஹென்போனில் யூடியூப் போட்டு, அந்தத் தொடரை யாரோ அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து ஏற்றியிருப்பதைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மத்தியானம் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறேன், முதல் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டு, "நம்ம ஆளு வந்துட்டான்டி" என்கிறாள். ஐந்தாம் பாகத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

இரண்டாம் பாகத்திலேயே முதல் விசாரணை வந்தது.

"புலி எங்கடி போச்சு?"

"எந்தப் புலி?"

"அம்மிக் கொழவில அடிச்சானே. இதுல நேரா கோட்டைக்குப் போயிட்டான்."

"இது வேற பதிப்புமா. சுருக்கிட்டாங்க."

என் காது மடல் சிவந்திருக்கும். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அந்தப் புலிய எதுக்கு எடுத்தாங்க, நல்லா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டது என்று நிம்மதியாக இருக்க முடியுமா? ஐந்தாம் பாகம் வருகிறதே. அம்மா அப்பாவை உள்ளே விட்டது என் பொய்யை நம்பி. கிட்டத்தட்ட அவள் வாழ்க்கையையே நான் ஏமாற்றி முடிவு செய்திருக்கிறேன். அது தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? எழுபத்தேழு வயதில், "எனக்குன்னு ஒரு முடிவு எடுக்க விட்டியாடி?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

செய்யாத தில்லுமுல்லு இல்லை. டேட்டா முடிந்துவிட்டது என்றேன். அம்மா நேராகப் பேத்திக்குப் போன் போட்டாள், மாலைக்குள் டேட்டா ஏறிவிட்டது. சார்ஜரை ஒளித்துவைத்தேன். பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டாள். மகளைக் கூப்பிட்டு, ஐந்தாம் பாகத்தை மட்டும் எப்படியாவது எடுத்துவிடு என்று கெஞ்சினேன். காரணமும் சொன்னேன்.

"மா, யூ ஹேவ் டு டெல் ஹெர். நீங்களே சொல்லிடுங்க. கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டா இன்னும் மோசம்லா."

அவள் சொன்னது சரிதான். எனக்குத்தான் தைரியம் இல்லை. இன்று சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் தள்ளினேன்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு உடைந்துபோய், தெங்கேராவில் வழக்கமான கடைக்குக் கூட்டிப்போனேன். பள்ளி விடுமுறை, வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். பாதி வழியில் அம்மா ஹென்போனை எடுத்துக் கதையைப் போட்டாள். தெங்கேரா ரோடு எப்போதும் போல நெரிசல், வேன் நகரவில்லை. படிப்பவர் நல்ல கனத்த குரலில், கடற்கரை ஊர், மாலை நேரம், குதிரையின் குளம்படி என்று ஆரம்பித்தார். எனக்கு எந்த அத்தியாயம் என்று தெரிந்துவிட்டது. கையை நீட்டி அணைத்திருக்கலாம். கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டேன்.

குதிரையைக் கட்டினான். உள்ளே போனான். தண்ணீர் கேட்டான். அவள் கொடுத்தாள். அடுத்த அத்தியாயம் தானாக ஆரம்பித்து அரசவை கூடியது.

"நிப்பாட்டு" என்றாள் அம்மா. ஹென்போனை நிறுத்தினேன்.

"வாசப்படியில நின்னானே. கத்தியக் கீழ வெச்சானே. அதயும் சுருக்கிட்டாங்களா?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இல்லமா. அது புத்தகத்துலயே இல்ல. நான் சொன்னது" என்றேன்.

"புலி?"

"அதும் நான்தான்."

அம்மா முன்னால் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா வந்து சொன்னது, எனக்கு அப்பா வேண்டியிருந்தது, கணக்கு நோட்டு, எல்லாம். "நீ அப்பாவ உள்ள விடணும்னுதாம்மா செஞ்சேன். தப்பு பண்ணிட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் பேச்சு இல்லை அது, புத்தகத் தமிழ். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"'யானை மதம்பிடித்து ஓடினால் பாகன் பழியை ஏற்பான். என் மதத்துக்கு நானே பாகன், பழி என்னுடையது. உள்ளே வா என்று நீ சொல்ல வேண்டாம். வரலாமா என்று நான் கேட்கிறேன்.'"

நான் எழுதியது. எனக்கே ஒரு வரி நினைவில்லை.

"ஒங்கப்பாவ உள்ள விடுறதுன்னு மாமா வந்துட்டுப் போன ராத்திரியே முடிவு பண்ணிட்டேன்டி. வயசுக்கு வரப்போற பிள்ளைய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்ண முடியும்? வாசலோட அனுப்புறேன்னது சும்மா வாய்க்கு. நீ கதை சொல்லலைன்னாலும் விட்டிருப்பேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது.

"அவரு வந்தன்னிக்குக் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேனே, பாத்தியா?"

"பாத்தேன்மா."

"கேப்பாருன்னு நின்னேன். நம்ம ஆளு அத்தன அட்டூழியம் பண்ணவன், அவனே படியில நின்னு கேட்டானே. இவரு கேக்கமாட்டாரான்னு. இவரு பிள்ள எங்கன்னாரு. சரி, வெக்கப்படுறாரு, நாளைக்குக் கேப்பாருன்னு நெனச்சேன். தீபாவளிக்குக் கேப்பாரு, ஒன் கல்யாணத்துக்குக் கேப்பாரு. கேக்குற வரைக்கும் பேசக்கூடாதுன்னு இருந்தேன். ஆஸ்பத்திரில டியூப் போட்டு வெச்சிருந்தாங்களே, அன்னிக்குக்கூட வாயசைக்கிற மாதிரி இருந்துச்சுன்னு கிட்டப் போயி காத வெச்சிப் பாத்தேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வேனைக் கொஞ்சம் நகர்த்தினேன். அழுதுகொண்டேதான் நகர்த்தினேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தனக்கு வாய்த்தவர் மட்டும்தான் கேட்காதவர் என்று அம்மா முப்பத்துநான்கு வருஷம் நினைத்திருக்கிறாள். உலகத்தில் இல்லாத ஒருவனை நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

"அப்போ அந்த எட்டுப் பாகத்துல எங்கயுமே அவன் கேக்கலயா?" என்றாள் அம்மா.

"இல்லமா. எங்கயும் கேக்கல."

அம்மா உடைந்த கண்ணாடியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது தெரிஞ்சிருந்தா நானே பேசியிருப்பேன்லா" என்றாள்.